காய்ச்சல் மாத்திரையும் பயணத்தாள்களும்

ஒரு தீவு. கலிஃபோர்னியாவிலிருந்து விடுமுறைக்கு வந்த வசதியான பிள்ளைகள் குடிக்கிறார்கள், கடலில் குதிக்கிறார்கள், ஆடுகிறார்கள். பின்னணியில் ஓடுவது எம்.ஐ.ஏ.வின் ‘பேப்பர் பிளேன்ஸ்’. சற்று நேரத்தில், நாம் பார்த்தது ஒரு கைபேசித் திரை என்று தெரிகிறது. அதைப் பிடித்திருப்பவன் கடத்தல்காரன். நாம் கூண்டுக்குள். 2012இல் யூபிசாஃப்ட் வெளியிட்ட ‘ஃபார் க்ரை 3’ இப்படித்தான் தொடங்குகிறது. மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னாலிருந்த நண்பனின் மாடியறையில், ஒரே கணினி முன்னால் நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து இதைப் பார்த்தபோது ஒருத்தன், “டேய், இது நம்ம பொண்ணு பாட்டுடா” என்று கத்தினான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை இப்போது கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, யுத்தம் துரத்தியதில் இதே சென்னையிலும் சில காலம் இருந்துவிட்டு, மறுபடி லண்டனுக்கு அகதியாகப் போனவர். அப்பா அருளர், 1977 கலவரத்திற்குப் பின் அகதிகளைச் சுமந்துபோன கப்பலை வைத்து ‘லங்கா ராணி’ நாவல் எழுதியவர். மகளின் பாட்டு 2007இல், அம்மாவின் பெயரைச் சூட்டிய ‘கலா’ தொகுப்பில் வந்தது. விசா இழுபறியின் எரிச்சலில் பிறந்த பாட்டு. அகதி என்றாலே கொள்ளைக்காரன் என்று மேற்கு வைத்திருக்கும் பயத்தை, துப்பாக்கி வெடியையும் கல்லாப்பெட்டி மணியையும் கோத்து நக்கலடிக்கிறது. விளையாட்டிலோ அது உல்லாசப் பயணியின் கேளிக்கைப் பாட்டு. முரண்நகைதானே என்று சிலர் சொல்லலாம். இருக்கட்டும். ஆனால் ஒரு விளையாட்டின் அரசியல் அதன் பின்னணி இசையில் இருப்பதைவிட, உயிர் பிழைக்க அது வகுக்கும் விதிகளில்தான் அதிகம் இருக்கிறது.

நாலு வருஷம் முன்னால், 2008இல் வந்த ‘ஃபார் க்ரை 2’ஐ எடுத்துக்கொள்வோம். பெயரில்லாத ஓர் ஆப்பிரிக்க நாடு, இரண்டு ஆயுதக் குழுக்கள், ஆயுதத் தரகன் ஒருவனைக் கொல்ல வந்த கூலிப்படையாள் நாம். வந்து இறங்கியதுமே மலேரியா படுக்கையில் தள்ளுகிறது. செத்தவனிடமிருந்து எடுத்த துப்பாக்கி துருப்பிடித்தது. சண்டை நடுவில் அடைத்துக்கொள்ளும். வரைபடத்தைக் கையில் விரித்துத்தான் பார்க்க வேண்டும், அதற்குள் எவனாவது சுட்டுவிடுவான். காய்ந்த புல்லில் வைத்த தீ காற்றடித்தால் நம் பக்கமே திரும்பும். ரிச்சி தெருவில் டிவிடி வாங்கிய பசங்கள் பாதிப் பேர் இதெல்லாம் தொல்லை என்று மூட்டை கட்டிவிட்டார்கள்.

எனக்கு அந்தக் காய்ச்சல்தான் முக்கியம். மாத்திரை தீர்ந்தால் கடையில் கிடைக்காது. மறைவிடங்களில் பதுங்கியிருக்கும் குடும்பங்களுக்கு நாட்டைவிட்டு வெளியேறும் பயணத்தாள்களைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் மாத்திரை. பொதுமக்களைக் காண்பதே அரிதான அந்த நாட்டில் நாம் அவர்களை நேருக்கு நேர் பார்ப்பது ஏறக்குறைய இந்த வேளைகளில் மட்டும்தான். சுடுகிறவனுடைய உயிர், அகதியின் தாளில் தொங்குகிறது. கருணையால் அல்ல, கொடுக்கல் வாங்கலால். ஆனாலும் ‘பிறர்’ இல்லாமல் தன்னிலை தரிக்க முடியாது என்பதை இவ்வளவு அப்பட்டமாகச் சொன்ன சுடும் விளையாட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

மூன்றாம் பாகத்தில் மலேரியா காணாமல் போயிற்று. இப்போது செடி பறித்து மருந்தூசி செய்துகொள்ளலாம், விலங்கை உரித்துப் பை தைத்துக்கொள்ளலாம். கற்கும் ஒவ்வொரு திறனுக்கும் கையில் பச்சைக்குத்து வளர்கிறது. காடு முழுக்க ஒரு வெள்ளை உடம்புக்குச் சேமிப்புக் கிடங்கு.

பகல் முழுக்க பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகத்தில் எம்.ஏ. தேர்வுக்காக வெட்சித் துறைகளை உருப்போட்டுவிட்டு, ராத்திரி இதை ஆடிய மாதங்கள் உண்டு. எதிரி முகாமைப் பிடிக்கும் விதிகள் அச்சாக வெட்சி. கேமராவில் ஆட்களைக் குறித்துக்கொள்வது வேய், ஓசையில்லாமல் சூழ்வது புறத்திறை, அப்புறம் ஊர்கொலை. தொல்காப்பியம் வெட்சியைப் பதினான்கு துறையாக்குகிறது. நிரையைக் கவர்வதோடு அது நிற்பதில்லை. கவர்ந்த மாட்டை நோகாமல் ஓட்டிவருவது ‘நோயின்று உய்த்தல்’ என்று ஒரு தனித் துறை. பிறகு பாதீடு, உண்டாட்டு, கடைசியில் கொடை. விளையாட்டு ஆகோளோடு முடிந்துவிடுகிறது. பங்கிட ஆளில்லை. நம்முடைய இலக்கணம் அறம் மிக்கது என்று மார்தட்ட இதைச் சொல்லவில்லை. கொள்ளைக்கு இலக்கணம் எழுதியவர்கள்தான் நாமும். ஊர்கொலையில் செத்தவர்களின் பெயர் எந்தத் துறையிலும் இல்லை.

1982 மே 19. தி.நகர் பாண்டி பஜார். பிரபாகரனும் உமாமகேஸ்வரனும் எதிரெதிரே வந்து சுட்டுக்கொண்டார்கள். உமாமகேஸ்வரனுடன் வந்தவருக்குக் காயம். பிரபாகரன் அங்கேயே பிடிபட, உமாமகேஸ்வரன் சில நாள் கழித்துக் கும்மிடிப்பூண்டியில். பிறகு இருவரும் நிபந்தனை ஜாமீனில் வெளியே வந்தார்கள். உமாமகேஸ்வரன் தொழிலால் நில அளவையாளர் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும் தகவல். நிலத்தை அளந்து வரைபடமாக்கத் தெரிந்தவர், பழகாத ஒரு கடைத்தெருவில் ஓடுகிறார். இந்தச் சம்பவத்தை நாம் இன்றுவரை இரண்டு ஆட்டக்காரர்களின் கதையாகவே சொல்லி வருகிறோம். அன்றைக்கு ஜவுளி வாங்க வந்தவர்களும் பூக்காரியும் எங்கே பதுங்கினார்கள்? நம் கதையாடலும் கூண்டிலிருந்து தப்பியவனின் கண்ணால்தான் சுற்றுகிறது. மாடியறையில் நாங்கள் கத்தியபோது அந்தப் பாட்டுக்குள் விசா வரிசையில் நின்றவர்களை நினைக்கவில்லை, ‘நம்ம பொண்ணு’ ஜெயித்ததைத்தான் நினைத்தோம்.

‘ஃபார் க்ரை 2’ முடியும் இடத்தில் மிஞ்சியிருப்பது ஒரு பெட்டி வைரமும் ஒரு மின்கலமும். ஆட்டம் முழுக்கத் துப்பாக்கி வாங்கவே உதவிய வைரம், இப்போது எல்லைக் காவலர்களுக்கு லஞ்சம், ஜனங்களை அந்தப் பக்கம் விடுவதற்காக. மின்கலத்தை எடுத்தால் துரத்தி வரும் படையின் வழியை வெடி வைத்து அடைக்கலாம். இரண்டில் எதை எடுத்தாலும் நாம் சாகிறோம். நான் வைரத்தை எடுத்தேன்.