விமானிகளின் பார்வைத் தகுதி

கண்ணாடி அணிந்தவர் விமானியாக முடியாது என்பது பழைய நம்பிக்கை. குடிசார் விமானத்துறையில் அது செல்லாது. திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாதமியில் பயில்வோருக்கும் அளவுகோல் ஒன்றே. வணிக விமானி உரிமத்துக்கான முதல் வகுப்பு மருத்துவச் சான்றுக்குக் கண்ணாடியோடாவது ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்களும் சேர்ந்து 6/6 தூரப்பார்வை வேண்டும். நிறக்குறைபாட்டை இஷிஹாரா அட்டைகள் காட்டிக்கொடுக்கும். அதற்குக் கண்ணாடி உதவாது.

கண்ணாடியோடு பறப்பவர் மாற்றுக் கண்ணாடி ஒன்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து. வாசிப்புப் பகுதி கீழே அமைந்த இருகுவியக் கண்ணாடியால் தலைக்கு மேலுள்ள பொத்தான்களைப் படிப்பது பெரும்பாடு. காண்டாக்ட் லென்ஸ் ஒற்றைக் குவியமாகவும் நிறமற்றதாகவும் இருக்கவேண்டும். போலராய்டு குளிர்கண்ணாடியும் ஆகாது. அதன் வழியே பார்த்தால் விமானி அறைத் திரைகள் சில கோணங்களில் கறுத்துவிடும்.