ஸாரும் சாத்தமுதும்

1974இல் உத்தியோக மாற்றலில் அடியேன் பெங்களூர் வந்து சேர்ந்தேன். மைசூர் ராஜ்யம் கர்நாடகம் என்று பெயர் மாறி (1973 நவம்பர் 1) ஒரு வருஷம்கூட ஆகாத சமயம். ஸ்ரீராம்புரத்தில் ஒண்டுக்குடித்தனம். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே குழாயடியில் புழங்கும் பேட்டை அது. கும்பகோணத்தை விட்டு அதுவரை வெளியே வராத என் தாயார் துணைக்கு வந்திருந்தாள்.

வந்த மாதமே எனக்குக் கடும் ஜுரம். பக்கத்துப் போர்ஷனில் இருந்த கன்னட மாமி, மூடிய பாத்திரத்துடன் வாசலில் நின்று "ஸாரு, ஸாரு" என்றார். ஆபீஸ் விஷயமாக யாரோ என்னைத் தேடி வந்திருப்பதாக அம்மா நினைத்துவிட்டாள். "சாருக்கு ஜுரம், எழுந்துக்க முடியலை. சாயங்காலம் வாங்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். மாமி முகம் வாடித் திரும்பியதைப் படுத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வந்த இடத்தில் முதல் அண்டைவீட்டாரையே விரட்டிவிட்டோமே என்று எனக்கு ஜுரத்தோடு கவலையும் சேர்ந்தது.

சாயங்காலம் ஆறு மணிக்கு அதே மாமி, அதே பாத்திரத்தைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு மறுபடி வந்தார். அம்மா சொன்னதில் அவருக்குப் புரிந்த ஒரே வார்த்தை "சாயங்காலம்"! அது கன்னடத்திலும் உண்டல்லவா? அம்மா மூடியைத் திறந்தாள். மிளகும் சீரகமும் மணந்தன. "ஏண்டா, இது நம்மாத்து சாத்தமுதுன்னா!" என்றாள்.

அம்மா சொன்னது வெறும் வாசனையைப் பற்றி அல்ல. ஸாரு என்பது நம் "சாறு"தான். சாறு, அமுது இரண்டும் சேர்ந்து சாற்றமுது, பேச்சில் சாத்தமுது. ஸம்ஸ்க்ருதத்தில் "ரஸ" என்றாலும் சாறுதான். ஆக, கன்னடர் ஸாரு என்பதும், ஐயங்கார் அகங்களில் சாத்தமுது என்பதும், ஊரெல்லாம் ரசம் என்பதும் பொருளளவில் ஒன்றே. நான் பட்டம் வாங்கியது ரசாயனத்தில். இந்தச் சாதாரண சமன்பாட்டைக் கும்பகோணத்து அம்மாதான் எனக்குப் போட்டுக் காட்டினாள்.

பிறகு இதுவே எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. கன்னடத்தில் சுமார் ஆயிரம் வருஷங்களுக்கு முன் தொடங்கி, சொல்லின் முதலில் வரும் பகரம் ஹகரமாக மாறியது. பால் "ஹாலு", பல் "ஹல்லு", பூ "ஹூவு" ஆயின. நம் புளிக்கு உறவான "ஹுளி" அங்கே புளிப்பையும் குறிக்கும், பருப்பும் காயும் சேர்த்த குழம்பையும் குறிக்கும். பிசிபேளே ஹுளியன்னா என்பதைப் பிரித்தால் சூடு, பருப்பு, புளிப்பு, அன்னம். சமையல் குறிப்பே பெயரில் அடங்கிவிட்டது!

இந்த விதி தெரியாமல் மளிகைக் கடையில் நான் அவஸ்தைப்பட்டதும் உண்டு. பயத்தம்பருப்பு வேண்டும் என்று கையால் காட்டினேன். கடைக்காரர் "ஹெசரா?" என்றார். ஹெசரு என்றால் பெயர் என்று ஆபீஸில் கற்றிருந்ததால், என் முழுப்பெயரையும் இனிஷியலோடு சொன்னேன். கடையே சிரித்தது. பயறு, பெயர் என்று நாம் வேறுபடுத்திச் சொல்லும் இரண்டும் இன்றைய கன்னடத்தில் "ஹெசரு" என்ற ஒரே உருவில் நிற்கின்றன. பழங்கன்னடத்தில் இவை பகரத்தில்தான் தொடங்கின. ஆந்திரர்களின் பெசரட்டில் அந்தப் பகரம் இன்னும் இருக்கிறது.

தெரியாத சொல்லாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வைக்கும். தெரிந்த சொல்தான் ஏமாற்றும். நம்மகங்களில் சித்ரான்னம் என்றால் தேங்காய், எலுமிச்சை, புளி என்று பலவகைச் சாதங்கள்; இங்கே ஹோட்டலில் சித்ரான்னா கேட்டால் பெரும்பாலும் எலுமிச்சை சாதம் மட்டும் வரும். "சௌசௌ பாத்" கேட்டால் சௌசௌ காயும் வராது, சாதமும் வராது. ஒரே தட்டில் காராபாத் என்ற ரவை உப்புமாவும் கேசரியும் வரும். சர்க்கரை வியாதி உள்ள அன்பர்கள் கவனிக்க!

பாத் என்பது மராத்தியில் சோறு. ஸம்ஸ்க்ருத "பக்தம்" என்ற சொல்லிலிருந்து வந்தது. வாங்கி என்றால் அதே மொழியில் கத்திரிக்காய். எனவே வாங்கிபாத் பெயருக்கு நியாயம் செய்கிறது; ரவையில் செய்த காராபாத் செய்யவில்லை. 1638இல் பீஜாப்பூர் படை பெங்களூரைப் பிடித்த பின் அது ஷாஜி போன்ஸ்லேயின் ஜாகீராயிற்று. அவர் புதல்வர் ஏகோஜி 1670களில் தஞ்சையில் நிறுவிய மராத்திய அரசு 1855 வரை நீடித்தது. பெங்களூருக்கும் நம் தஞ்சைக்கும் ஒரே குடும்பத்து ஆட்சி இருந்ததை நினைத்தால், இரண்டு ஊர் அடுப்பங்கரையிலும் மராத்திச் சொற்கள் புழங்குவதில் ஆச்சரியமில்லை.

சௌசௌ காயின் கதையும் வேடிக்கைதான். மெக்ஸிகோவிலிருந்து வந்த, பூசணிக் குடும்பத்துக் காய் அது. தமிழ்நாட்டில் அதற்குப் பெங்களூர் கத்திரிக்காய் என்று பெயர். பெங்களூரிலோ "ஸீமே பதனேகாயி", அதாவது சீமைக் கத்திரிக்காய். கத்திரிக்கும் அதற்கும் உறவே இல்லை! வெள்ளைக்காரர் காலத்து இந்திய ஆங்கிலத்தில் சௌசௌ என்றால் கலவை. அந்த அர்த்தத்தில் பார்த்தால் இருவகை சேர்ந்த தட்டுக்குப் பொருத்தமான பெயரே.

அந்த மாமியும் என் தாயாரும் பதினைந்து வருஷம் பாத்திரம் மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் மற்றவர் பாஷையை முழுதாகக் கற்கவே இல்லை. இருவருமே இன்று இல்லை. ஸ்ரீராம்புரத்தில் 2014 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. பழைய போர்ஷன் வீடுகளும் குறைந்துவிட்டன. சென்ற மாதம் வந்திருந்த என் பேத்தி, "சாத்தமுதுன்னா என்ன தாத்தா?" என்று கேட்டாள். அவள் தினமும் சாப்பிடுவது அதைத்தான். எங்களகத்திலேயே எப்போது அந்தப் பெயரை விட்டோம் என்று எனக்கு நினைவில்லை. நாம் விட்ட பாதிச் சொல்லைக் கன்னடர்கள் இன்றும் தினம் இரண்டு வேளை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

கறியமுது, நெகிழ்கறியமுது, திருக்கண்ணமுது முதலிய பெயர்களை ஒரு நோட்டில் எழுதி அவளிடம் கொடுத்திருக்கிறேன். பல ஊர்களில் வாழும் நம் உறுப்பினர்களும் தத்தம் அகத்துப் பெயர்களையும், வெளியூரில் ஏமாந்த கதைகளையும் எழுதி அனுப்பினால் அந்த நோட்டில் இன்னும் நிறையப் பக்கங்கள் இருக்கின்றன.