கழற்ற மறுத்த தொப்பி

ஆங்கில அகராதியிலே தூசு படிந்து கிடக்கும் சொல் ஒன்று: ‘பிராட்பிரிம்’. அகன்ற விளிம்புடைய தொப்பி என்பது முதற்பொருள். அத்தொப்பியை அணிபவர், அதாவது குவேக்கர் கூட்டத்தார், என்பது அடுத்த பொருள். அணிந்த பொருளின் பெயரே ஆளின் பெயராயிற்று. அதுவும் ஏளனப் பெயராக! ஊரெல்லாம் தொப்பி அணிந்த காலத்திலே இவர்கள் தொப்பியை மட்டும் ஏன் ஏளனம் செய்தனர்? இறங்கவேண்டிய இடத்திலே அது இறங்கவில்லை. அதுதான் குற்றம்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை எண்ணிப் பார்ப்போம். வீட்டுக்குள்ளும், உணவு மேசையிலும்கூட ஆடவர் தொப்பியோடு இருந்த காலம் அது. ஆனால் பிரபு வந்தால் உழவனின் தொப்பி கீழே வரும். நீதிபதி முன்னே கைதியின் தொப்பி, தந்தை முன்னே மகனின் தொப்பி, மன்னன் முன்னே மற்றெல்லார் தொப்பியும்! “நான் தாழ்ந்தவன்” என்பதை வாய் கூறாது தலை கூறிற்று. பேச்சிலும் இதே படிக்கட்டு. மேலோனுக்கு ‘யூ’, கீழோனுக்கு ‘தவ்’. தாங்கள் என்பதும் நீ என்பதும் அறிந்த நமக்கு இதற்கு உரை தேவையில்லை.

ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர் இந்தப் படிக்கட்டிலே ஏற மறுத்தார், இறங்கவும் மறுத்தார். நெசவாளியின் மகன், செருப்புத் தொழில் பயின்றவர். ஊர் ஊராக நடந்து, எவர் முன்னும் தொப்பி கழற்றோம், எவரையும் ‘தவ்’ என்றே விளிப்போம் என்றார். அவர் பக்தர், ஆண்டவன் ஆணை என்றே இதனைக் கூறினார். தொழுகையின்போது தொப்பியைக் கழற்றவும் செய்தார். அந்த இடத்திலே நாம் அவரோடு செல்வதற்கில்லை. எனினும், ஆண்டவனுக்கு என்று ஒதுக்கிய மரியாதையை ஆண்டைக்குத் தரமாட்டேன் என்ற துணிவு சாமான்யமானதா?

1656இல் லான்செஸ்டன் நீதிமன்றத்திலே நிறுத்தப்பட்டார். தொப்பியை ஏன் எடுக்கவில்லை என்று சீறினார் தலைமை நீதிபதி கிளின். எந்தச் சட்டத்திலே எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்றார் ஃபாக்ஸ். சட்டம் காட்ட முடியாத நீதிபதி வேதத்திற்குத் தாவினார்: மோசே முதல் தானியேல் வரையில் தொப்பி என்ற பேச்சு உண்டா? உண்டே! தானியேல் ஆகமத்திலே, அரசன் தீயிலே எறிந்த மூவரும் தொப்பியோடுதானே எறியப்பட்டனர் என்றார் செருப்புத் தொழில் கற்றவர். வாதம் தோற்றது, அதிகாரம் தோற்குமா? ஆளுக்கு 20 மார்க் அபராதம். கட்ட மறுத்தனர். மலமும் நீரும் தேங்கிய நிலவறை கிடைத்தது.

நீதிமன்றத்தை விடக் கடுமையானது வீடு. தாமஸ் எல்வுட் என்ற இளைஞர் (பின்னாளில் பார்வையிழந்த மில்டனுக்கு நூல் படித்துக் காட்டியவர்) குவேக்கர் ஆனார். தந்தையோ ஊர் நீதிபதி. தன் முன்னே தொப்பியோடு நின்ற மகனை அடித்தார், தொப்பியைப் பறித்தார். மகன் வேறொன்று அணிந்தார். அதுவும் போயிற்று. ஒவ்வொன்றாய் வீட்டிலிருந்த தொப்பியெல்லாம் பறிபோக, வெறுந்தலையோடு வெளியே செல்ல இயலாது அந்தக் குளிர்காலத்தை வீட்டுச் சிறையிலே கழித்தார். மன்னனை எதிர்ப்பது எளிது, அப்பாவை எதிர்ப்பது கடினம் என்பதை நம் இளைஞர் பலர் அறிவர்.

1670 செப்டம்பரில் லண்டன் ஓல்ட் பெய்லி. கூட்டுவழிபாட்டுத் தடைச் சட்டத்தால் மண்டபம் பூட்டப்பட, தெருவிலே பேசியதற்காக வில்லியம் பென், வில்லியம் மீட் எனும் இருவர் மீது வழக்கு. பென்னுக்கு வயது 25. கடற்படைத் தளபதியின் மகன். உள்ளே வருகையில் காவலர் ஒருவர் இருவர் தொப்பியையும் எடுத்துவிட்டார். சும்மா இருந்திருக்கலாம் நீதிமன்றம். இருந்ததா? தொப்பிகளை மீண்டும் அவர்கள் தலையிலே வைக்கச் சொன்னது. வைத்தபின், ஏன் கழற்றவில்லை என்று கேட்டு ஆளுக்கு 40 மார்க் அபராதம் விதித்தது! ஒரு மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்ஸ். தாமே அணிவித்த தொப்பிக்குத் தாமே அபராதம். இதற்குப் பெயர் நீதி!

பன்னிரு நடுவர்களும் இதைக் கண்டுகொண்டு அமர்ந்திருந்தனர். குற்றவாளி என்று கூறுமாறு மிரட்டப்பட்டனர். எட்வர்ட் புஷெல் தலைமையில் நால்வர் முதலில் மறுத்தனர்; பிறகு பன்னிருவருமே உறுதியாயினர். இரண்டு இரவுகள் உணவில்லை, நீரில்லை, நெருப்பில்லை. குற்றமில்லை என்றே தீர்ப்பு வந்தது. நடுவர்களுக்கும் ஆளுக்கு 40 மார்க் அபராதம்! புஷெலும் சிலரும் கட்டாது சிறை சென்று வழக்காடினர். தலைமை நீதிபதி வாகன், தீர்ப்புக்காக நடுவரைத் தண்டித்தல் ஆகாது என்று அவர்களை விடுவித்தார். ஆங்கிலச் சட்டத்தின் அந்தத் தூண் எழுந்த மன்றத்திலே, தொப்பிச் சண்டையும் ஓரத்திலே நடந்திருக்கிறது.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. சமத்துவத்திற்காக அணிந்த எளிய உடை நாளடைவில் சீருடையாயிற்று. ஒரே நிறம், ஒரே வெட்டு, மீறினால் கண்டனம். 1700இலே, ஃபாக்ஸின் மனைவியாய் இருந்து கைம்பெண்ணான மார்கரெட் ஃபெல், எண்பது கடந்த மூதாட்டி, இது அறிவீனம் என்று தம் கூட்டத்தாரையே கடிந்து எழுதினார். உடனே எவரும் கேட்டாரில்லை. 1860ஐ ஒட்டித்தான் இங்கிலாந்துக் குவேக்கர் அந்த உடைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினர். தலையிலிருந்து இறங்கிய தொப்பி, அமெரிக்க ஓட்ஸ் டப்பாவின் மேல் ஏறிக்கொண்டது. 1877இல் பதிவான வணிகச் சின்னம் அது. குவேக்கர் சங்கத்திற்கும் அந்தக் கம்பெனிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.