வெறுமையெனத் தோன்றியவை: சிறு வில்லைகளும் வான்முகில்களின் ஒளிப்பட வரலாறும்

பெரிய தொலைகாட்டியே பேருண்மைகளைக் காட்டும் என்னும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வானியலாளரிடையே ஆழ வேரூன்றியிருந்தது. 1845ஆம் ஆண்டில் அயர்லாந்திலே றொஸ் பிரபு இயக்கத் தொடங்கிய 72 அங்குல ஆடித் தொலைகாட்டி அவ்வெண்ணத்தின் உச்சம் எனலாம். ஆயினும், நெபுலாக்கள் எனப்படும் வான்முகில்களைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் முற்றாகப் பொருந்தவில்லை. அவற்றின் பரப்பையும் இயல்பையும் புலப்படுத்திய முதன்மையான சான்றுகள் சில, பதினொரு அங்குலத்திற்கு மேற்படாத ஒளிமுறிவு வில்லைகளின் வழியாகவே கிடைத்தன. அச்சான்றுகள் எவ்வாறு பெறப்பட்டன, அவற்றின் பொருள் எவ்வாறு உணரப்பட்டது என்பன அறிவியல் வரலாற்றிலே ஆராயத்தக்க வினாக்களாகும்.

ஒளிப்படம் பயன்பாட்டிற்கு வருமுன், வான்முகிலைக் கண்ணாற் கண்டு கையால் வரைதலே வழக்கம். ஒரே முகிலை இருவர் வரைந்த படங்கள் ஒத்திருப்பது அரிது. அவ்வேறுபாடு முகிலில் நேர்ந்த மாற்றமா, அன்றி வரைந்தவர் கைவழி வந்த பிழையா எனத் துணிதல் இயலாதிருந்தது. மேலும், கண்ணானது எவ்வளவு நேரம் நோக்கினும் மங்கிய ஒளியைச் சேர்த்துவைக்க வல்லதன்று. ஒளிப்படத் தட்டோ மணிக்கணக்காக ஒளியைத் திரட்டவல்லது. தொடக்ககால ஈரத்தட்டுகள் விரைவில் உலர்ந்து பயனற்றுப் போயின. ஜெலற்றின் பூசிய உலர்தட்டு பரவலாகக் கிடைக்கத் தொடங்கியபின்னரே நீண்ட நேரப் படப்பிடிப்புக் கைகூடிற்று.

இவ்வாய்ப்பை முதலிற் பயன்படுத்தியவர் நியூயோர்க்கைச் சேர்ந்த ஹென்றி டிறேப்பர் என்னும் மருத்துவப் பேராசிரியர். 1880 செப்ரெம்பர் 30ஆம் நாள், 11 அங்குல ஒளிமுறிவுத் தொலைகாட்டியைக் கொண்டு ஒரியன் உடுத்தொகுதியிலுள்ள பெருமுகிலை 51 நிமிடம் படம்பிடித்தார். வான்முகில் ஒன்றன் முதல் ஒளிப்படம் இதுவே. 1882 மார்ச்சிலே 137 நிமிடங்கள் ஒளிபடவிட்டு இன்னும் நுண்ணிய படம் ஒன்றைப் பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் அவர் காலமானார். 1883இல் இங்கிலாந்தின் அன்ட்றூ கொமன் 36 அங்குல ஆடித் தொலைகாட்டியால் எடுத்த படம் டிறேப்பரின் படத்தை விஞ்சியது. இனி எதிர்காலம் பேராடிகளுக்கே உரியது என அக்காலத்தவர் கருதியிருப்பின் அதில் வியப்பில்லை.

ஆனால் ஒளியியலின் விதி ஒன்று சிறு வில்லைக்குத் துணைநின்றது. புள்ளியாகத் தோன்றும் உடுவைப் படம்பிடிக்க வில்லையின் விட்டம் பெரிதாதல் வேண்டும். பரந்து கிடக்கும் முகிலுக்கோ விட்டத்திற்கும் குவியத்தூரத்திற்கும் இடையிலான விகிதமே முதன்மையானது. குவியத்தூரம் குறைந்த வில்லையில் முகிலின் விம்பம் சிறிதாகும், ஒளி செறியும், தட்டு விரைவிற் பதியும். வானின் அகன்ற பரப்பும் ஒரே தட்டில் அடங்கும். முகில்களுட் பல முழுநிலாவின் தோற்றத்தைவிடப் பன்மடங்கு அகன்றவை. ஒடுங்கிய பார்வைப்புலமுடைய பேர்தொலைகாட்டி அவற்றின் ஒரு மூலையையே காட்டும்.

இதன் பயன் ஹாவாட் வானாய்வகத்தில் வெளிப்பட்டது. டிறேப்பரின் மனைவி அன்னா, கணவர் நினைவாக 1886 முதல் அங்கு நிதியுதவி வழங்கினார். உடுக்களின் நிறமாலையை ஆராயும் அப்பணியிற் பெரும் பொறுப்பேற்றவர் வில்லியமினா பிளெமிங். ஸ்கொட்லாந்திலிருந்து வந்து, ஆய்வகப் பணிப்பாளரின் இல்லத்திற் பணிப்பெண்ணாய்த் தொடங்கியவர் அவர். 1888இல் 8 அங்குல ஒளிப்பட வில்லையால் எடுக்கப்பட்ட தட்டொன்றை ஆராய்ந்தபோது, ஒரியன் தொகுதியின் மங்கிய ஒளிப்பட்டை ஒன்றிலே அரைவட்டமாய் வெட்டுண்ட இருளை அவர் கண்டு பதிவுசெய்தார். இன்று குதிரைத்தலை முகில் எனப் புகழ்பெற்றது அதுவே. எனினும் டிறையர் 1895இல் வெளியிட்ட அட்டவணையில் ஹாவாட் தட்டுகளிற் கண்டறியப்பட்டவை பிக்கரிங் என்னும் பெயராலேயே குறிக்கப்பட்டன. பிளெமிங்கின் பெயர் அங்கு இடம்பெறவில்லை. பின்வந்த 1908ஆம் ஆண்டு அட்டவணையிலேயே அவருடைய பெயர் அவர் கண்டவற்றுக்கு வழங்கப்பட்டது.

சிறு வில்லையின் ஆற்றலை முழுமையாக வெளிப்படுத்தியவர் எட்வேட் எமேர்சன் பார்ணாட். 1857இல் நாஷ்வில் நகரில் வறிய குடும்பத்திற் பிறந்த அவர், ஒன்பது வயதளவிலேயே ஒளிப்படக் கூடமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். சூரிய ஒளியாற் படங்களைப் பெருப்பிக்கும் கருவியைச் சூரியனின் நகர்வுக்கேற்பக் கையால் இடைவிடாது திருப்புவதே அவருடைய முதற்பணி. வானியலில் அவருக்குப் பின்னர் வேண்டப்பட்டதும் அதே பொறுமையும் அதே கைத்திறனுமே.

1888 முதல் அவர் பணியாற்றிய கலிபோணியாவின் லிக் வானாய்வகத்தில், அன்று உலகிற் பெரியதாயிருந்த 36 அங்குல ஒளிமுறிவுத் தொலைகாட்டி இருந்தது. ஆயினும் 1889இல் பால்வீதியைப் படம்பிடிக்க அவர் கையாண்டது, மனித உருவப் படங்களை எடுப்பதற்கென ஒளிப்படக் கூடங்களுக்காகச் செய்யப்பட்ட ஏறத்தாழ 6 அங்குல வில்லை ஒன்றையே. அதன் குவியத்தூரம் 31 அங்குலம் மட்டுமே. பேர்தொலைகாட்டியினதோ 57 அடிக்கு மேற்பட்டது. கணக்கிட்டு நோக்கின், பரந்த முகிலொன்றின் விம்பம் சிறிய வில்லையிலே பத்து மடங்குக்கு மேற்பட்ட செறிவுடன் விழும் என்பது பெறப்படும். மூன்று நான்கு மணிநேரம் வழிகாட்டித் தொலைகாட்டியில் ஓர் உடுவை நோக்கியவாறே, அது இழையிலிருந்து விலகாவண்ணம் பார்ணாட் கருவியைத் திருத்திக்கொண்டிருந்தார். பால்வீதியின் முகிற் கூட்டங்களும் அவற்றிடையே ஓடும் இருண்ட வழிகளும் இங்ஙனம் தெளிவாகப் பதிவாயின. அக்காலப் பகுதியிலேயே ஜேர்மனியின் ஹைடல்பேக் நகரில் மக்ஸ் வொல்ஃப் என்பாரும் சிறு வில்லைகளால் இத்தகைய படங்களை எடுத்தார்.

தட்டு இருளைக் காட்டிற்று. அவ்விருள் யாது என்பதை அது கூறவில்லை. உடுக்களற்ற இவ்விடங்கள் வானின் வெற்றிடைவெளிகள் என்பது வில்லியம் ஹேர்ஷல் காலந்தொட்டு நிலவிய கருத்து. பார்ணாட்டும் தொடக்கத்தில் அதனையே சார்ந்திருந்தார். கதரின் புறூஸ் அம்மையாரின் நன்கொடையால் அமைந்த 10 அங்குலப் புறூஸ் தொலைகாட்டியை 1905இல் வில்சன் மலைக்குக் கொண்டுசென்று எடுத்த படங்கள் அவரது ஐயத்தை வளர்த்தன. சில இருட்பகுதிகள் ஒளிர்முகிலோடு இணைந்தே காணப்பட்டன. வெறுமைக்கு அத்தகைய தொடர்பு இருத்தல் கூடாது. ஒரு கோடை இரவிற் பால்வீதியின் முன்னே மிதந்த சிறு மேகத் துண்டுகள் மைத்துளிகள் போற் கறுத்துத் தோன்றியமையும் அவர் சிந்தனையைத் தூண்டிற்று. ஆயினும் விரைந்து முடிவுகூற அவர் விரும்பவில்லை. 182 இருட்பொருள்களின் அட்டவணையை 1919இல் வெளியிட்டபோதுங்கூட, அவற்றுட் பல ஒளியை மறைக்கும் பருப்பொருளே எனக் கொண்ட அவர், எல்லாம் அத்தகையனவே எனச் சாதிக்கவில்லை.

1923இல் அவர் மறைந்தார். அவருடைய பால்வீதிப் படத்தொகுப்பை எட்வின் புறொஸ்ற்றும் மேரி கல்வேட்டும் நிறைவுசெய்து 1927இல் வெளியிட்டனர். அச்சுப் படங்கள் நுண்மையைச் சிதைக்கும் என்பதனால் மெய்யான ஒளிப்படங்களே அதன் பிரதிகளிற் சேர்க்கப்பட்டன. 1930இல் றொபேட் ட்றம்ப்ளர், உடுக்களிடைவெளியிலுள்ள பொருள் ஒளியை உறிஞ்சுவதை உடுக்கொத்துகளின் ஆய்வால் நிறுவினார். பார்ணாட் அட்டவணைப்படுத்திய இருண்முகில்கள் பலவற்றிற் புதிய உடுக்கள் பிறப்பதைப் பின்வந்த அகச்சிவப்பு, வானொலி ஆய்வுகள் காட்டியுள்ளன.

வெறுமையெனத் தள்ளப்பட்ட இடமே உடுக்களின் பிறப்பிடமாயிற்று. அட்டவணையில் விடுபட்ட பெண்ணொருவரின் பெயரும் காலந்தாழ்த்தியே உரிய இடம்பெற்றது. ஒன்றும் இல்லை எனத் தோன்றுமிடத்தை மீண்டும் நோக்குதல் வேண்டும் என்பதும், நோக்கியதன் பொருளைச் சான்று முதிரும்வரை அறுதியிட்டுரைத்தலாகாது என்பதும் இவ்வரலாறு ஆய்வாளருக்கு உணர்த்தும் பாடங்களாம்.