பெரிய கிராணியை ஏமாற்றிய கதை

சரித்திரம் என்றதும் அரசர்களும் போர்களும் நம் நினைவுக்கு வருவது வழக்கம். இன்று நாம் பார்க்கப்போவது கணினியின் வயிற்றுக்குள் நடந்த ஒரு சரித்திரம். வீட்டுக்கு வீடு கைப்பேசி வந்துவிட்ட காலம் இது. ஆகவே நமக்கும் இதில் பங்குண்டு.

1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கெர்னலை எழுதினார். கெர்னலைக் கணினியின் பெரிய கிராணி என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு எவ்வளவு நினைவகம், எந்த ஏட்டை யார் பார்க்கலாம், யார் எழுதலாம் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் இருப்பதும் இதுதான்.

ஆபீசில் ஒரே ஒரு செக்ரோல் புத்தகம் இருக்கிறது. பார்க்க மட்டும் வருவோர் எல்லாரும் அதையே பார்க்கலாம். எழுத வேண்டும் என்பவனுக்கு மட்டும் கிராணி அந்தப் பக்கத்தைப் படியெடுத்துக் கொடுப்பார். அவன் படியில் கிறுக்கிக்கொள்ளலாம்; மூலத்தைத் தொட முடியாது. தாளும் மிச்சம், புத்தகமும் பத்திரம். கெர்னலும் நினைவகத்தை இப்படித்தான் சிக்கனமாக ஆளுகிறது.

பிறகு எங்கே ஓட்டை? கிராணியின் கையில், 'இவன் எழுத வந்தவன்' என்று குறித்த சீட்டு ஒன்று இருக்கிறது. படியெடுத்ததும், வேலை முடிந்ததென்று அந்தக் குறிப்பை அடித்துவிடுகிறார். அதே கணத்தில் வந்தவனுடைய கூட்டாளி படியைக் கிழித்துப் போடுகிறான். கிராணி திரும்புகிறார், படியைக் காணோம். சீட்டைப் பார்க்கிறார்; எழுதுவதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. பார்க்கத்தானே கேட்கிறான் என்று மூலப் புத்தகத்தையே நீட்டிவிடுகிறார். அவனோ பேனாவைத் திறந்து, தன் பேருக்கு நேரே வேண்டியதை எழுதிவிடுகிறான்! ஒரு தடவை தவறினால் ஆயிரம் தடவை முயலலாம். கணினிக்கு அது பெரிய வேலையன்று. இப்படியே, சாதாரண உரிமை மட்டும் உள்ளவன் பயனர் பட்டியலைத் திருத்திக் கணினிக்கே எசமானாகிவிட முடிந்தது.

2005இலேயே டோர்வால்ட்ஸ் இதற்கு ஒரு திருத்தம் செய்திருந்தார். ஐபிஎம் பெருங்கணினி வகை ஒன்றில் அது தொல்லை கொடுத்ததால் கைவிடப்பட்டது. அப்படி நடப்பது ஏட்டளவில்தான் என்று அன்று தோன்றியது. பின்னர் கெர்னல் ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பார்க்கும்படி வளர வளர, அந்த ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவத் தொடங்கிவிட்டது. 2007இல் வந்த 2.6.22 பதிப்பிலிருந்து ஓட்டை திறந்தே கிடந்தது.

2016 அக்டோபரில்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. பில் ஓஸ்டர் என்பவர், தம் பொறுப்பிலிருந்த கணினிக்கு வரும் இணையத் தகவல்களைப் பதிவுசெய்து வைக்கும் பழக்கமுள்ளவர். தாக்க வந்தவனின் கருவி அந்தப் பதிவில் சிக்கிக்கொண்டது. எத்தனை பேர் இந்தப் பழக்கத்தை வீண்வேலை என்று சிரித்திருப்பார்களோ! 'எழுதும்போது படியெடு' என்பதற்குரிய ஆங்கில முதலெழுத்துகள் பசுவைக் குறிக்கும் சொல்லாக அமைவதால், 'டர்ட்டி கவ்', அதாவது அழுக்குப் பசு, என்று பேர் சூட்டினார்கள். திருத்தமும் எளியதே: பழைய குறிப்பை அடிக்காதே, படியெடுத்ததைத் தனியே குறித்துக்கொள் என்பதுதான். டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கும் அத்திருத்தம் வந்தது.

ஆனால் திருத்தம் எல்லாக் கைப்பேசிகளுக்கும் போய்ச் சேரவில்லை. 2017இல் இதே ஓட்டை வழியாக நுழைந்த தீநிரல் ஒன்று 40க்கு மேற்பட்ட நாடுகளில் காணப்பட்டது. சீனாவில் அது உடையவர் கவனிக்காதபடி குறுஞ்செய்திக் கட்டணமாகச் சிறு சிறு தொகைகளை உறிஞ்சியது. அந்த ஆண்டு நவம்பரில், பெரிய நினைவகப் பக்கங்களைத் திருத்தம் சரியாகக் காக்கவில்லை என்பதும் தெரிந்து, கெர்னலை மறுபடியும் திருத்தினார்கள்.