ஓய்ந்திருக்கும் கணினியும் மருத்துவ ஆய்வும்: கணிப்புநேரக் கொடையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்
வீட்டுக் கணினிகளின் பயன்படாத நேரத்தை மருத்துவ ஆய்வுக்கு வழங்கும் முறை 2000ஆம் ஆண்டு முதல் உலகளவில் வளர்ந்துள்ளது. இம்முறையின் வளர்ச்சியைச் சோழர் கால விளக்குக் கொடையோடு ஒப்பிட்டு, கொடையைத் தாங்கும் செலவு யாருடையது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கணிப்புநேரக் கொடை, புரத மடிப்பு, நுந்தாவிளக்கு, மடிக்கணினித் திட்டம், விக்கிரமங்கலம்.

முன்னுரை
கங்கைகொண்ட சோழபுரம் அமைந்துள்ள அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர் விக்கிரமங்கலம். இப்பகுதியை ஆண்ட சோழர் காலக் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படுவன நுந்தாவிளக்குக் கொடைகள். ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள் அளிக்கப்பட்டன. அவற்றை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளந்தனர். மந்தை குன்றாமல் காக்கப்பட வேண்டியிருந்ததால் அவை சாவா மூவாப் பேராடுகள் எனப்பட்டன. முதல் குறையாமல் அதன் விளைவு மட்டும் பொதுப்பயனுக்குச் செல்வது இக்கொடையின் இயல்பு. கணிப்புநேரக் கொடையும் இவ்வியல்பினதே. கணினி உரியவர் வீட்டிலேயே இருக்க, அதன் உழைப்பு மட்டும் ஆய்வுக்குச் செல்கிறது.

தோற்றமும் செயல்முறையும்
1999 மே 17 அன்று பெர்க்லியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம் தொடங்கிய ‘செட்டி அட் ஹோம்’ திட்டம், வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞைகளைத் தேட வீட்டுக் கணினிகளைப் பயன்படுத்தியது. அடுத்த ஆண்டே இம்முறை மருத்துவத்துக்கு வந்தது. 2000 அக்டோபர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே குழுவினர் ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ திட்டத்தைத் தொடங்கினர். 2004 நவம்பரில் ஐபிஎம் நிறுவனம் ‘வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்’ அமைப்பை நிறுவியது.

புரதம் தவறாக மடிவதற்கும் அல்சைமர் போன்ற நோய்களுக்கும் தொடர்புண்டு. மடிப்பைக் கணினியில் பின்தொடர, அணுக்களின் நகர்வை ஏறத்தாழ இரண்டு ஃபெம்டோநொடி இடைவெளிகளில் கணிக்க வேண்டும். ஒரு மில்லிநொடி நிகழ்வுக்கு ஐம்பதாயிரம் கோடி படிகள் தேவை. ஆகவே கணக்கைச் சிறு கூறுகளாகப் பிரித்துப் பல கணினிகளுக்கு அனுப்பினர். வீட்டாரின் பயன்பாடு இல்லாத வேளையில் ஒவ்வொரு கணினியும் தன் கூற்றை முடித்துத் திருப்பி அனுப்பியது. வழங்கிக் கணினி அவற்றைத் தொகுத்தது.

பயன்கள் உறுதியானவை. நியூரோபிளாஸ்டோமா என்னும் குழந்தைப் புற்றுநோய்க்கு எதிராக 30 இலட்சம் சேர்மங்களைச் சலித்து, நம்பிக்கையளிக்கும் ஏழு சேர்மங்கள் கண்டறியப்பட்டதை 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். 2020இல் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஃபோல்டிங் அட் ஹோமில் இணைந்தனர். நொடிக்கு ஒன்றுக்குப்பின் 18 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையையும் விஞ்சிய கணிப்புகள் நிகழ்ந்தன. கொரோனா தீநுண்மியின் கூர்ப்புரதம் திறக்கும் விதம் இதனால் புலப்பட்டது.

சென்னையின் பங்கு
இக்கணிப்புகளுக்கு அடிப்படையான அறிவில் தமிழகத்துக்குப் பங்குண்டு. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர், புரதச் சங்கிலியின் கோணங்களுள் எவை இயலும், எவை இயலா என்பதை ஒரு வரைபடத்தில் காட்டினர். புரத வடிவம் சரியா என்று சோதிக்க உலகெங்கும் இன்றும் பயன்படும் ‘இராமச்சந்திரன் வரைபடம்’ அதுவே.

ஓய்வின் இருவகை
கணினியும் தமிழகச் சிற்றூர்களுக்கு வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேனிலை மாணவர்கள் மடிக்கணினி பெற்றனர். விக்கிரமங்கலம் போன்ற ஊர்களில் பல வீடுகளின் முதற்கணினி அதுவாகவே இருந்திருக்கும். எனினும், ஓய்ந்திருக்கும் கணினி என்னும் கருத்து அவ்வீடுகளுக்கு அப்படியே பொருந்தாது. இணைப்பில் நின்றபடி பயன்பாடின்றி இருப்பது ஒருவகை ஓய்வு. மின்சாரம் இன்மையால் அணைந்திருப்பது மற்றொருவகை ஓய்வு. முன்னதிலேயே கொடை இயலும். 2012இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்கள் நாள்தோறும் பல மணிநேர மின்வெட்டுக்கு உள்ளாயின. கிடைத்த மின்சாரம் மாணவரின் படிப்புக்கே முதலில் உரியதாயிற்று.

செலவும் கருதத்தக்கது. பயன்பாடில்லா வேளையில் தன் மின்நுகர்வைக் குறைத்துக்கொள்ளும் செயலிகள் பரவியபின், கணிப்பில் ஈடுபடும் கணினி ஓய்ந்திருப்பதைவிடக் கூடுதல் மின்சாரம் கொள்கிறது, வெப்பமும் மிகுகிறது. ஆகவே, வீணாவதை வழங்குதல் என்னும் விளக்கம் இன்று முழுமையாகப் பொருந்தாது. கொடுக்கப்படுவது வீட்டாரின் மின்கட்டணமுமாகும். விளக்குக் கொடைக் கல்வெட்டு ஆடுகளின் எண்ணிக்கையை மட்டும் கூறி நின்றுவிடுவதில்லை. எவர் எவ்வளவு நெய் அளக்க வேண்டும் என்பதையும் பொறித்தது. கணிப்புநேரத் திட்டங்களோ கொடையாளர் முடித்த பணிக்குப் புள்ளிகள் வழங்கிக் கணக்கு வைத்தன. அவர் செலுத்திய மின்கட்டணம் அக்கணக்கில் இடம்பெறவில்லை.

முடிவுரை
2016இல் வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்டில் காசநோய்க்கான ஆய்வுத்திட்டம் ஒன்றும் தொடங்கப்பட்டது. உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியர். நோயின் சுமை மிகுந்த நாட்டின் சிற்றூர், அந்நோய்க்கான ஆய்வில் பங்கேற்கத் தடையாயிருந்தது மனமின்மை என்று கொள்வதற்கில்லை. ஓய்ந்திருக்கும் கணினி என்பது தடையற்ற மின்சாரத்தையும் இணைய இணைப்பையும் முன்னரே பெற்ற வீட்டின் செல்வம். கொடையின் வரலாற்றை எழுதுவோர், விளக்கோடு நெய்யின் கணக்கையும் எழுதவேண்டும் என்பதைச் சோழர் கல்வெட்டுகள் உணர்த்துகின்றன.