ஸ்கைப்பை விற்றவர்கள் எதை விற்கவில்லை?

2025 மே 5ஆம் திகதி ஸ்கைப் மூடப்பட்டது. எங்களில் பலர் அந்தச் செய்தியை ஒரு நிமிசம் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போயிருப்போம். ஆனால் எங்கட வீடுகளில் அது வெறும் மென்பொருளாக இருக்கவில்லை. லண்டனில இருக்கிற மாமாவையும் கனடாவில பிறந்த மச்சாளையும் முதன்முதலாக முகம் பார்த்துக் கதைத்தது அதிலதான். நெட் கபேயில் மணித்தியாலக் காசு குடுத்து, அம்மம்மாவைக் கதிரையில் இருத்தி, "கேக்குதா, கேக்குதா" என்று கத்தின காலம் எங்களுக்கு இன்னும் ஞாபகம்.

ஸ்கைப் வெளிவந்தது 2003 ஓகஸ்ட் 29. எங்கட வயதுதான் அதுக்கும். மைக்ரோசொப்டின் பெயரோடயே பார்த்துப் பழகியதால் அதை அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்றே நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் அதைத் தொடங்கியவர்கள் சுவீடனைச் சேர்ந்த நிக்லாஸ் சென்ஸ்ட்ரோம், டென்மார்க்கைச் சேர்ந்த யானுஸ் ஃபிரீஸ் என்ற இருவர். நிரலை எழுதியவர்கள் எஸ்தோனியாவின் தாலின் நகரத்துப் பொடியள். கம்பனி பதியப்பட்டது லக்சம்பேர்க்கில். ஒரே கம்பனிக்குள் நான்கு நாடுகள். ஐரோப்பியத் தொழில்நுட்ப நிறுவனங்களின் சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்தக் கதையை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

ஸ்கைப்புக்கு முன்னம் இதே ஆட்கள் செய்தது கசா. ஒருவரின் கணினியில் இருக்கிற பாட்டை இன்னொருவர் நேரடியாக எடுத்துக்கொள்ளலாம், நடுவில் பெரிய சேவையகம் தேவையில்லை. 2001இல் அது வந்தவுடனே வழக்குகளும் வந்தன. நெதர்லாந்தின் இசைப் பதிப்புரிமை அமைப்பு ஆம்ஸ்டர்டாமில் வழக்குப் போட்டது. அந்த வருசம் நவம்பரில் கீழ் நீதிமன்றம் கசாவுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2002 ஜனவரியில் கசா வனுவாட்டுவில் பதியப்பட்டு அவுஸ்திரேலியாவில் இருந்து நடத்தப்பட்ட ஒரு கம்பனிக்கு விற்கப்பட்டது. இரண்டே மாதத்தில் மேல் நீதிமன்றம் பழைய தீர்ப்பை மாற்றியது. பாவனையாளர்கள் செய்கிற பதிப்புரிமை மீறலுக்கு மென்பொருளைச் செய்தவர் பொறுப்பில்லை என்பது அதன் நிலைப்பாடு. 2003 டிசெம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது.

அமெரிக்காவில் நடந்தது வேற. கசாவின் அதே அடிப்படைத் தொழில்நுட்பத்தைப் பாவித்த குரொக்ஸ்டர் மீதான வழக்கில், 2005 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மீறலைத் தூண்டும் நோக்கத்தோடு மென்பொருளைப் பரப்புகிறவர் அதுக்குப் பொறுப்பு என்று சொன்னது. இதை நாங்கள் வேண்டுமென்றே இங்க நிறுத்திச் சொல்கிறோம். "ஐரோப்பாவில சட்டம் கூட, அமெரிக்காவில சுதந்திரம் கூட, அதாலதான் கம்பனிகள் அங்க போகுது" என்ற கதையை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம். கசா விசயத்தில் அது தலைகீழ். காப்பாற்றியது நெதர்லாந்து நீதிமன்றம், துரத்தியது அமெரிக்க வழக்கு.

ஆனாலும் அந்த வழக்குகளின் நிழல் ஸ்கைப்பிலும் விழுந்தது. முதலீடு தேடிப்போன இடங்களில் பல பேர் கையை விரித்தார்கள். இசைக் கம்பனிகள் விடாமல் துரத்துகிற ஆட்களுக்கு எப்படிக் காசு குடுப்பது என்ற பயம். தொலைபேசிக் கம்பனிகளோடும் ஒவ்வொரு நாட்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தோடும் மோத வேண்டி வரும் என்ற பயம் இன்னொன்று. ஒரு சில துணிந்த முதலீட்டாளர்கள்தான் கை குடுத்தார்கள். இரண்டே வருசத்தில் பாவனையாளர் எண்ணிக்கை 54 மில்லியன் ஆனது.

2005 செப்டெம்பரில் அமெரிக்காவின் ஈபே ஏறக்குறைய 2.6 பில்லியன் டொலருக்கு ஸ்கைப்பை வாங்குவதாக அறிவித்தது. பிறகுதான் ஒரு விசயம் பெரிதாக வெடித்தது. ஸ்கைப்பின் உயிர்நாடியான, கணினிகளை நேரடியாக இணைக்கிற அந்த அடிப்படை நிரல் ஸ்கைப்புக்குச் சொந்தமில்லை. அது ஜொல்டிட் என்ற வேறொரு கம்பனியின் சொத்து. அந்தக் கம்பனி சென்ஸ்ட்ரோமுடையதும் ஃபிரீஸுடையதும். ஸ்கைப்பிடம் இருந்தது அதைப் பாவிப்பதற்கான லைசன்ஸ் மட்டும். ஈபே வீட்டை வாங்கியது, அத்திவாரம் பழைய சொந்தக்காரரிடமே இருந்தது.

2007இல் ஈபே தன் கணக்கில் ஏறக்குறைய 1.4 பில்லியன் டொலரை ஸ்கைப் தொடர்பான செலவாக எழுத வேண்டி வந்தது. 2009இல், லைசன்ஸ் நிபந்தனையை மீறி மூல நிரலில் கை வைத்துவிட்டீர்கள் என்று சொல்லி ஜொல்டிட் ஒப்பந்தத்தை முறிக்கப் பார்த்தது. வழக்கு லண்டனுக்குப் போனது, பிறகு அமெரிக்காவுக்கும் போனது. தோற்றால் ஸ்கைப்பைத் தொடர்ந்து நடத்த முடியாமல் போகலாம் என்று ஈபே தன் பங்குதாரருக்கே எழுத்தில் சொன்னது. 2009 நவம்பரில் சமரசம் வந்தது. நிரலின் உரிமை ஸ்கைப்புக்குப் போனது, நிறுவனர்கள் 14 சதவீதப் பங்கோடு திரும்பவும் உள்ளே வந்தார்கள். 2011 மே மாதம் மைக்ரோசொப்ட் 8.5 பில்லியன் டொலருக்கு முழுவதையும் வாங்கியது.

அந்த விற்பனையில் எல்லாருக்கும் காசு கிடைக்கவில்லை. முன்னமே விலகிப்போன சில ஊழியர்கள், தாங்கள் உழைத்துச் சேர்த்த பங்கு உரிமையைக் கம்பனி பழைய விலைக்கே திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்ததை அப்பதான் கண்டுபிடித்தார்கள். நிறுவனர்களைக் காப்பாற்றியதும் ஒரு ஒப்பந்த வரி, ஊழியர்களைக் கைவிட்டதும் ஒரு ஒப்பந்த வரி.

சரி, ஏன் ஒரு ஐரோப்பியக் கம்பனி ஸ்கைப்பை வாங்கவில்லை? இதுக்கு இரண்டு பழைய காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, காசு எங்கே சேர்ந்து கிடக்கிறது என்பது. 1979இல் அமெரிக்கத் தொழில் திணைக்களம் ஓய்வூதிய நிதிகள் பற்றிய விதிக்குத் தளர்வான விளக்கம் குடுத்தது. அதுக்குப் பிறகு தொழிலாளரின் ஓய்வூதியப் பணத்தில் ஒரு சிறு பகுதி ஆபத்தான புது முயற்சிகளுக்கும் போகத் தொடங்கியது. சிறு பகுதி என்றாலும் அது மலை அளவு காசு. ஜேர்மனியிலும் பிரான்சிலும் முறை வேற. இன்று வேலை செய்பவர் கட்டுகிற காசு இன்றைய ஓய்வூதியருக்கே பெரும்பாலும் போய்விடும். முதலீடு செய்ய அப்படியொரு குவியல் மிஞ்சுவதில்லை. சனத்தின் சேமிப்பும் பெரும்பாலும் வங்கியில்தான் கிடக்கும்.

பங்குச் சந்தை வழியாக அந்த இடைவெளியை நிரப்பவும் முயன்றார்கள். 1997இல் பிராங்பேர்ட்டில் புது நிறுவனங்களுக்கென்றே "நொயர் மார்க்ட்" என்ற சந்தை திறக்கப்பட்டது. சாதாரண சனமும் பங்கு வாங்கினார்கள். 2000க்குப் பிறகு விலைகள் சரிந்தன. கொம்ரோட் என்ற கம்பனி காட்டிய விற்பனையின் பெரும்பகுதியே பொய் என்பதும் தெரிய வந்தது. உச்சத்தில் இருந்த பெறுமதியில் 90 சதவீதத்துக்கு மேல் கரைந்துபோக, 2003இல் சந்தையையே மூடினார்கள். ஸ்கைப் பிறந்ததும் அதே வருசம்தான்.

இரண்டாவது காரணம் சட்டம். அதிகமான சட்டம் என்பதை விட, பல சட்டங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடு, 27 கம்பனிச் சட்டம். ஒரு டென்மார்க் தம்பதியின் கதை இதில் பிரபலம். தங்கள் நாட்டில் கம்பனி தொடங்க 200,000 குரோனர் மூலதனம் வேணும் என்பதால் அவர்கள் இங்கிலாந்தில் கம்பனியைப் பதிந்து, அதன் கிளையை டென்மார்க்கில் திறக்கக் கேட்டார்கள். அதிகாரிகள் மறுத்தார்கள். 1999இல் ஐரோப்பிய நீதிமன்றம் தம்பதியின் பக்கம் நின்றது. சென்ட்ரோஸ் வழக்கு என்று இதைச் சொல்வார்கள். அதுக்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஜேர்மனியர்கள் இங்கிலாந்தில் கம்பனி பதிந்தார்கள். 25,000 யூரோ மூலதனம் கேட்டுக்கொண்டிருந்த ஜேர்மனி, 2008இல் ஒரு யூரோவோடு தொடங்கக்கூடிய கம்பனி வடிவத்தைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

முழு ஐரோப்பாவுக்கும் ஒரே கம்பனி வடிவம் என்ற யோசனையும் புதிதில்லை. 1970இலேயே வரைபு வந்தது. சட்டமாக நிறைவேற 2001 ஆனது, நடைமுறைக்கு வர 2004 ஆனது. அதுவும் குறைந்தது 120,000 யூரோ மூலதனம் கேட்டது. கட்டிலில் இருந்து நிரல் எழுதுகிற மாணவர் இருவருக்கு அது என்ன பிரயோசனம்?

2024 செப்டெம்பரில் மாரியோ திராகி வெளியிட்ட அறிக்கை இதன் விளைவை எண்ணிக் காட்டியது. 2008க்கும் 2021க்கும் இடையில் ஐரோப்பாவில் தொடங்கி ஒரு பில்லியன் டொலர் பெறுமதியைத் தாண்டிய 147 நிறுவனங்களில் 40 தங்கள் தலைமையகத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விட்டன, பெரும்பாலானவை அமெரிக்காவுக்கு. 2025 ஜனவரியில் ஐரோப்பிய ஆணைக்குழு 27 சட்டங்களுக்குப் பக்கத்தில் 28ஆவதாக ஒரு பொதுச் சட்டம் கொண்டுவருவதாகச் சொன்னது. இந்த முறையும் முப்பது வருசம் எடுக்காமல் இருந்தால் சரி.

இதையெல்லாம் தோல்விக் கதையாக மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. எஸ்தோனியா 1991இல்தான் சோவியத் பிடியில் இருந்து விடுபட்டது. சனத்தொகை ஏறக்குறைய 13 இலட்சம். ஸ்கைப்பில் வேலை பழகியவர்களும் அதில் காசு கண்டவர்களும் அடுத்தடுத்த கம்பனிகளைத் தொடங்கினார்கள், மற்றவர்களுக்கு முதலீடும் குடுத்தார்கள். எங்கட உறவுகள் இப்ப காசு அனுப்பப் பாவிக்கிற வைஸ், ஸ்கைப்பின் முதல் ஊழியரும் இன்னொரு எஸ்தோனியரும் 2011இல் லண்டனில் தொடங்கியது. ஆனால் அதன் பங்குதாரர்களும் 2025இல் பிரதானப் பங்குச் சந்தைப் பதிவை லண்டனில் இருந்து அமெரிக்காவுக்கு மாற்றச் சம்மதித்தார்கள். அறிவு ஊரில் நின்றாலும் பெரிய காசு இன்னும் அமெரிக்காவில்தான் இருக்கிறது.

எங்கட கம்பஸிலும் இப்ப ஸ்டார்ட்அப் பற்றிய கூட்டங்கள் நடக்கின்றன. யோசனை, துணிவு, கனவு என்று கனக்கக் கதைக்கிறார்கள். ஒப்பந்தத்தைப் பற்றிக் கதைத்து நாங்கள் கேட்டதில்லை. அடுத்த கூட்டத்தில் யாராவது எழும்பிக் கேட்கலாம்: எழுதுகிற நிரல் யாருடைய பெயரில் இருக்கப்போகுது? விலகிப்போனால் எங்கட பங்கு என்னாகும்? கலைப்பீடப் பிள்ளைகளுக்கு இதில என்ன வேலை என்று கேட்டால், இந்தப் பேப்பர்களை வாசித்து விளங்கப்படுத்துவதும் ஒரு வேலைதான் என்று சொல்லுவம்.